தரங்கம்பாடி மணலில் உட்கார்ந்த ஐயர்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற பஸ்ஸில் பாதிக் கூட்டம் திருக்கடையூரில் இறங்கிவிடும். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற குடும்பங்கள், மாலையும் பழத்தட்டுமாக இறங்குவார்கள். அதற்கு அப்புறம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், கொஞ்ச நேரத்தில் உப்புக் காற்றும் வந்துவிடும். எங்கள் சபையிலிருந்து நாங்கள் ஒரு சிறு கூட்டமாகப் போயிருந்தோம். ஓய்வுபெற்ற போதகர் ஐயா ஒருவர், ஞாயிறு பள்ளி அக்காமார், கல்லூரியில் தமிழ் படிக்கிற ஒரு பெண், அவர்களோடு பிள்ளைகள் சிலர்.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை அது. பார்க்க வேண்டிய இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் போனது சீகன்பால்க் ஐயருக்காக.

அவரைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி, தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்டவர், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். எல்லாம் சரி. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது, அவர் செய்ததற்கெல்லாம் முன்னால் அவர் படித்தது. போதிக்க வந்த மனிதர் முதலில் பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் உட்கார்ந்தார். அந்த மண்ணை ஒரு தடவை மிதிக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

1706 ஜூலை 9-ம் தேதி சோஃபியா ஹெட்விக் என்ற கப்பலில் அவரும் அவருடைய நண்பர் புளுட்சோவும் வந்து சேர்ந்தார்கள். அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடரிக். ஆனால் ராஜாவின் பேரைச் சொல்லியும் இங்கே வரவேற்பு இல்லை. வியாபாரத்துக்காக இருந்த டேனிஷ் கம்பெனி அதிகாரிகளுக்கு மிஷனரிகள் வந்ததே பிடிக்கவில்லை. கரையிறங்கியவர்களுக்குத் தங்க இடம் கொடுக்காமல் வெயிலில் காக்க வைத்தார்கள். ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்து, அதே நாட்டின் ஹாலே நகரத்தில் படித்தவர் சீகன்பால்க். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அப்போது வயது 24-கூட முழுதாக ஆகவில்லை. அவர்கள் வந்து இறங்கியதன் நினைவாகக் கடற்கரைப் பக்கம் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் முன்னால் நின்று நாங்கள் ஒரு கீர்த்தனை பாடினோம். காற்றில் பாதி வார்த்தை அடித்துக்கொண்டு போனது.

இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். புளுட்சோ போர்த்துக்கீசிய மொழியை எடுத்துக்கொண்டார், இவர் தமிழை எடுத்துக்கொண்டார். தமிழ் கற்றுக்கொள்ள இலக்கணப் புத்தகம் கையில் இல்லை, சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஐரோப்பியரும் இல்லை. அதனால் வயதான தமிழ் உபாத்தியாயர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் ஆனா ஆவன்னா எழுதினார்கள். பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் எபிரெயமும் படித்த மனிதர், அந்த வரிசையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதே மணலில் தானும் விரலை வைத்தார். பக்கத்துப் பிள்ளை எழுதுவதைப் பார்த்து எழுதினார். உபாத்தியாயருக்கோ ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து வந்தது, வாசிக்க வந்தது, பொருள் மட்டும் பிடிபடவில்லை. கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக, இருந்த அழகப்பன் என்பவர் கிடைத்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒரு வருஷம் முடிவதற்குள் தமிழில் பிரசங்கம் பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

அது என்னவோ அதிசயம் போல நமக்குப் படும். அவர் தன் நாள் எப்படிப் போகிறது என்று ஊருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். விடிகாலையில் ஜெபமும் தமிழில் ஞானோபதேசமும். 7 மணியிலிருந்து 8 வரை, ஏற்கெனவே படித்த சொற்களைத் திரும்பப் பார்ப்பது. 8-லிருந்து 12 வரை தமிழ்ச் சுவடிகள் மட்டும். பக்கத்தில் ஒரு புலவர் உட்கார்ந்து பொருள் சொல்வார், ஓர் எழுத்தர் புதுச் சொல் வரும்போதெல்லாம் எழுதிக்கொள்வார். மத்தியானம் மறுபடியும் சுவடி. ராத்திரி விளக்கில் படித்தால் கண் வலிக்கிறது என்று, வேறொருவரை வாசிக்கச் சொல்லித் தான் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படிப் படித்துத்தான் 1708-லேயே நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். சுவடிகள் வாங்க ஆள் அனுப்பினார், விதவைப் பிராமணப் பெண்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கியதும் உண்டு. வாங்கிய நூல்களுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியலே போட்டார்.

பிறவியிலேயே தாழ்மை உள்ளவர் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த புதிதில் கோபக்காரர். ஒரு கோயிலில் இருந்த மண் பொம்மைகளை உடைத்தார். அந்தப் பக்கம் வந்த ஒரு தமிழ் உபாத்தியாயர், இவை தெய்வங்கள் இல்லை, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று விளக்கினார். இதையும் சீகன்பால்க்கே எழுதி வைத்திருக்கிறார். இந்த ஜனங்களுக்குக் கல்வியோ ஒழுங்கோ கிடையாது என்று நினைத்துத்தான் கப்பலேறியவர், அவர்களுடைய புத்தகங்களைத் தானே வாசித்த பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டதாக வெளிப்படையாகவே எழுதினார். பிற்பாடு, தமிழர்களிடம் அவர்கள் நம்பிக்கை, வழக்கம், வைத்தியம் பற்றியெல்லாம் கேள்வி எழுதி அனுப்பி, வந்த பதில்களை மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். உடைத்த கை கேள்வி எழுதுகிற கையாக மாறியது. வயதில் மிகவும் இளையவரான ஒரு மிஷனரிக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அந்தத் தமிழ் உபாத்தியாயர்களும் புலவர்களும்தான், கர்த்தர் அவர்களைக் கொண்டு பேசினார் என்றே நான் நம்புகிறேன்.

ராஜா தெருவில் இருக்கிறது புது எருசலேம் ஆலயம். 1707-ல் அவர் கட்டிய முதல் ஆலயம் கடலோரமாக இருந்தது, அதைக் கடல் கொண்டுபோய்விட்டது. இது 1718 அக்டோபர் 11-ல் பிரதிஷ்டையானது. முகப்பில் ராஜாவின் கிரீடமும் பெயர் முத்திரையும். உள்ளே போனால் சிலுவை வடிவம், தடித்த சுவர், வெளியே இருக்கிற வெயில் அங்கே தெரியவே தெரியாது. பீடத்துக்கு அருகில் சீகன்பால்க் ஐயரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆலயத்தைக் கட்டி முடித்து நாலரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில் போய்விட்டார்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து போதகர் ஐயா மத்தேயு 11-ம் அதிகாரத்திலிருந்து வாசித்தார். “என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்” என்று வந்ததும் நிறுத்திவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையனைக் கேட்டார்.

“தம்பி, நுகத்தடி பார்த்திருக்கியா?”

“எங்க தாத்தா வீட்டுல இருக்கு ஐயா. புது மாட்ட ஏர்ல பழக்கணும்னா, பழகின மாட்டோட சேர்த்துத்தான் பூட்டுவாங்க. தனியா விட்டா போகாது.”

“பழகின மாட்டை எந்தப் பக்கம் பூட்டுவாங்க?”

“தெரியல ஐயா. தாத்தாகிட்ட கேட்டு போன்ல சொல்றேன்.”

ஐயா ஜிப்பா பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பையன் சொன்னதை எழுதிக்கொண்டார். அந்த வசனத்தில் அவர் எத்தனை பிரசங்கம் செய்திருப்பார் என்று கணக்கே இருக்காது. இருந்தும் பேனாவை மூடும் முன் பையனிடம், “நான் எழுதினது சரியா பாரு” என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். பையன் வெட்கப்பட்டுக்கொண்டே வாசித்தான். இயேசு அந்த அழைப்பிலேயே, “நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்” என்று தன்னைப் பற்றிச் சொல்கிறார். கற்றுக்கொடுக்கிறவரே தாழ்மையாக இருக்கும்போது, படிக்க வந்தவர்கள் நாம் எதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறோம்?

இதை எங்கள் சபைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஞானஸ்நானம் வாங்கி, திடப்படுத்தல் வகுப்பு முடித்துவிட்டால், படிப்பு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம். சபையில் வருஷம் கூடக்கூடக் கேட்கிற காது சின்னதாகிக்கொண்டே போகிறது. வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஒருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டுகிறோம். வாலிபப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், “இது கூடத் தெரியாதா” என்கிற முகம். வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அக்கா ஜெபத்தில் சொன்ன ஒரு வார்த்தை நம்மைத் தொட்டாலும், அவரிடம் போய் அதைச் சொல்ல நமக்கு வாய் வராது.

அப்பொல்லோவைப் பாருங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 18-ல் வருகிறவர், பேச்சில் வல்லவர், வேதத்தில் தேர்ந்தவர். அவர் ஜெப ஆலயத்தில் பேசுவதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், இவருக்கு இன்னும் தெரியவேண்டியது இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த புருஷனும் மனைவியும் அவர்கள். கூட்டத்தில் மறித்துப் பேசாமல் தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கிச் சொன்னார்கள். மேடையில் பேசிவிட்டு இறங்கிய மனிதர், ஒரு கூடாரத் தொழிலாளியின் மனைவி சொல்வதையும் உட்கார்ந்து கேட்டார். சொன்னவர்களின் பக்குவம் பெரிது. கேட்டவரின் பக்குவம் அதைவிடப் பெரிது என்று எனக்குப் படுகிறது.

ஆலயத்தைவிட்டு வரும்போது தமிழ் படிக்கிற பெண் ஒரு விஷயம் சொன்னாள், எங்களில் பலருக்கு அது புதிது. சீகன்பால்க் ஐயர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினாராம். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அதை அச்சிட மனமில்லை. 1867-ல்தான் சென்னையில் அது புத்தகமாக வந்தது. போதகர் ஐயாவின் நோட்டு திரும்பவும் வெளியே வந்தது. வருஷத்தை இரண்டு தடவை கேட்டு எழுதினார்.

போக நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அது காட்சிசாலை இல்லை, இன்றைக்கும் ஆராதனை நடக்கிற சபை. பின் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களோடு பாடிவிட்டு, அப்புறம் பொறையாறு பக்கமும் ஒரு நடை போங்கள். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்ததால், இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். காகிதத்துக்கு ஒரு பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்றே அங்கே ஓர் இடத்துக்குப் பேர். வழி தெரியாவிட்டால் ஊர்க்காரர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.