மணிக்குப் பல் தேய்த்துவிடும் கதை

நாயின் பல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முன்பல்லைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. வாய் ஓரத்தில் மேல் உதட்டைக் கன்னத்துப் பக்கமாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் மணிக்கு முன்பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில் டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப்பல்லில் முக்கால்வாசி, போர்த் தண்ணீர் உப்புப் படிந்த குழாய் வாய் மாதிரி பழுப்பாகக் காறை கட்டியிருந்தது. அதையொட்டி ஈறு ஓரம் முழுக்கச் சிவந்த கோடு.

மணி வேலூர் சத்துவாச்சாரித் தெருவில் பிறந்த நாட்டு நாய். ஆறு வயதாகிறது. கொஞ்ச நாளாகவே கிட்டே வந்தால் வாய் நாறும். "நாய் வாய்னா பன்னீரா மணக்கும்?" என்பார் மாமியார். நாற்றத்துக்குக் காரணம் அந்தக் காறையும் வீங்கிய ஈறும்தான் என்றார் டாக்டர். எச்சில் வந்து விழுகிற துவாரம் அந்த மேல் கடைவாய்ப்பல்லுக்கு நேரே இருக்கிறதாம். அதனால்தான் அங்கே முதலில் சேர்கிறது. சாப்பிட்டதும் பல்லில் ஒட்டுகிற வழவழப்பான படலத்தை விரலால் தேய்த்தாலே போய்விடும். எச்சிலில் உள்ள கால்சியம் அதில் இறங்கி ஓரிரு நாளில் கெட்டியாகிவிட்டால், அப்புறம் எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது.

அதனால் முதலில் ஸ்கேலிங், அதாவது காறையைச் சுரண்டி எடுப்பது. ரத்தப் பரிசோதனை, ராத்திரியிலிருந்து பட்டினி, காலையில் மயக்க மருந்து, சாயங்காலம் தள்ளாடிக்கொண்டே வீடு. மயக்கம் கொடுக்காமலே சுரண்டிவிட முடியாதா என்று என் கணவர் கேட்டார். வெளியே தெரிகிறது மட்டும்தான் போகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே தங்கும், வியாதியே அங்கேதான் என்றார் டாக்டர். இந்தப் பகுதி இவ்வளவுதான். உண்மையான வேலை அதற்கப்புறம் வீட்டில்தான் ஆரம்பித்தது.

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நேரே போனால் எந்த நாயும் நிற்காது. முதல் வாரம் பிரஷ் பேச்சே கிடையாது. வெறும் கை. கோழி வேகவைத்த தண்ணீரில், உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் எடுத்து வைத்தது, விரலை நனைத்து உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தடவு. உடனே ஒரு சின்ன கறித்துண்டு. தலையை இழுத்தால் விட்டுவிட வேண்டும். பிடித்து அமுக்கினால் மறுநாள் நம்மைப் பார்த்ததுமே கட்டிலுக்கடியில் போய்விடும். விரலுக்குப் பழகிய பிறகு அதே விரலில் ஈரத் துணி சுற்றினேன். அதற்குப் பிறகுதான், குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்.

யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று உண்டு: வாயைத் திறக்கவே வேண்டாம். வாய் மூடியிருக்கும்போதே உதட்டோரம் வழியாகப் பிரஷ்ஷைக் கன்னத்துக்குள் விட்டு, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவுக்குப் பார்த்துக்கொள்கிறது. மொத்தம் 42 பல் இருந்தாலும் என் கவனமெல்லாம் மேலே இரண்டு பக்கக் கடைவாய்ப்பல்லிலும் கோரைப்பல்லிலும்தான். ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம். அதற்கு மேல் மணிக்கும் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை.

வேலூர் வெயிலில் இதற்கு நேரம் பார்க்க வேண்டியிருந்தது தனிக் கதை. சித்திரை மாதம் சாயங்காலம்கூட நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டே இருக்கும். இரைக்கிற நாயின் வாயை மூடிப் பிடிக்கக் கூடாது, அது உடம்புச் சூட்டை இறக்குவதே அப்படித்தான். அதனால் விடிகாலையில், நடந்துவிட்டு வந்து தண்ணீர் குடித்து ஆறின பிறகு என்று மாற்றிக்கொண்டேன். தேய்த்து முடித்தால்தான் சாப்பாட்டுத் தட்டு. இப்போது தட்டுச் சத்தம் கேட்டாலே வந்து முகத்தை நீட்டுகிறான்.

நாம் தேய்க்கிற பேஸ்ட் நாய்க்கு ஆகாது. அதற்குத் துப்பத் தெரியாது, எல்லாம் வயிற்றுக்குள் போகும். ஃப்ளோரைடு கெடுதல். சில பேஸ்ட்டில் இனிப்புக்குச் சேர்க்கிற சைலிட்டால் அதைவிட மோசம், கொஞ்சம் போனாலே ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நாய்க்கென்றே கோழிக்கறி ருசியில் பேஸ்ட் விற்கிறார்கள், விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது.

எதிர்வீட்டு அக்கா தினமும் வேடிக்கை பார்ப்பார். "இன்னாத்துக்கு கண்ணு இத்தினி ஆர்ப்பாட்டம்? பிரியாணி எலும்பப் போடு, அதுவே தேச்சிகினு போயிடும்." ஆம்பூர் பக்கத்திலிருக்கிற நமக்கு எலும்புக்கா பஞ்சம்! ஆனால் வெந்த எலும்பு கூராகச் சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்தும். வேகாத கெட்டி எலும்பென்றால் அதே கடைவாய்ப்பல்லையே பிளந்துவிடும். டாக்டர் சொன்ன கணக்கு சுலபமானது: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதே. கடையில் தொங்குகிற எலும்பு வடிவத் தோல் துண்டையும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. வைத்துவிட்டு வந்தேன். வேப்பங்குச்சி யோசனையும் வந்தது. சிம்பு சிம்பாகப் பிரிந்து ஈறில் ஏறும் என்று அதையும் தொடவில்லை.

தேய்க்கும்போது பிரஷ்ஷில் லேசாக ரத்தம் பட்டால் முதலில் பயமாக இருந்தது. ஈறு வீங்கியிருந்தால் ஆரம்பத்தில் அப்படி வரும், விடாமல் மெதுவாகத் தேய்த்தால் குறையும் என்றார்கள், குறைந்தது. ஒரே பக்கமாக மென்றாலோ, சோற்றைக் கீழே போட்டுப் போட்டு எடுத்தாலோ, கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கினாலோ பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். அந்த வீக்கம் பெரும்பாலும் கடைவாய்ப்பல் வேரில் சீழ் பிடித்ததாக இருக்கும்.

போன மாதம் பேஸ்ட் தீர்ந்து, வாங்கப் போக முடியாமல் சில நாள் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ்தான். விலையும் கொஞ்சம் அதிகம்தான் அது. டாக்டரிடம் சொன்னபோது, படலத்தை எடுப்பது தூரிகைதான், பேஸ்ட் பாதி நாய்க்கு லஞ்சம் என்று சிரித்தார்.