பழைய டிரைவரும் பதினாறு கம்பிகளும்

மார்ச் 3
வேலை: விஷுவல் பேசிக் 6 (விபி6) புரோகிராமிலிருந்து, நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 6533 டிஜிட்டல் கார்டு வழியாக, 16 கம்பிகளில் 0/1 பேட்டர்ன்களை வரிசையாக வெளியே அனுப்புவது. பழைய டிரைவர் (டிரடிஷனல் என்ஐ-டாக்) கார்டைப் பார்த்துவிட்டது. டிவைஸ் எண் 1. புது டிரைவர் (என்ஐ-டாக்எம்எக்ஸ்) அதே கார்டைப் பிடித்துவைத்திருந்தால் இது வாயே திறக்காது. முதலில் அங்கே ரீசெட், அப்புறம்தான் இங்கே. 64-பிட் விண்டோஸுக்கு இந்த டிரைவர் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மார்ச் 4
கம்பிகளைக் குரூப்பாகச் சேர்க்கும் டிரைவர் ஃபங்ஷன் டிஐஜி_ஜிஆர்பி_கான்ஃபிக்: குரூப் 1, அளவு 2 (இரண்டு போர்ட், 16 கம்பி), போர்ட் 0, திசை 1 (வெளியே). அடுத்து பேட்டர்ன் வேகத்தை வைக்கும் டிஐஜி_பிளாக்_பிஜி_கான்ஃபிக்: மோடு 1, உள் கிளாக், டைம்பேஸ் -3, இடைவெளி 20. -3 என்றால் 20 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்பு 50 நானோ செகண்ட். இருபது துடிப்புக்கு ஒரு பேட்டர்ன், அதாவது 1 மைக்ரோ செகண்ட்.

கழித்தல் குறியை விட்டுவிட்டால் 3 என்பது 100 மைக்ரோ செகண்ட். ஒரு பேட்டர்னுக்கு 2 மில்லி செகண்ட், இரண்டாயிரம் மடங்கு மெதுவு. எரர் எதுவும் வராது. ஆஸிலோஸ்கோப்பில் கோடு அசையாமல் நிற்கும், கம்பி விட்டுப்போச்சோ என்று கனெக்டரைக் கழற்றத் தோன்றும்.

மார்ச் 5
1 மைக்ரோ செகண்ட். சரியாக இருக்கிறது.

மார்ச் 6
16-ஆவது கம்பி. விபி6-இல் இன்டிஜர் குறியுள்ள 16 பிட். 32768 என்று போட்டால் ஓவர்ஃப்ளோ, எரர் 6. மேல் பிட் மட்டும் வேண்டுமென்றால் -32768 எழுத வேண்டும். 65535-க்கு -1. எண் அசிங்கமாக இருக்கும், கார்டின் பின்னில் (கம்பி சேரும் முனையில்) சரியாகவே வரும்.

மார்ச் 8
பேட்டர்ன்களை அனுப்பச் சொல்லும் டிஐஜி_பிளாக்_அவுட் 0 (எரர் இல்லை) திருப்பித் தருகிறது. அந்த 0-வை நம்பித்தான் இரண்டு நாள் போனது. வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தமில்லை, தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். பேட்டர்ன்கள் இருக்கும் பஃபர் ஒரு சப்ரூட்டீனுக்குள் லோக்கல் அரே. அவுட் அழைத்த மறுகணம் சப்ரூட்டீன் முடிகிறது, விபி அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. ப்ராசசரைக் கேட்காமல் நினைவகத்திலிருந்து நேரே கார்டுக்கு டேட்டா எடுக்கும் டிஎம்ஏவுக்கு அது எப்படித் தெரியும்? பழைய முகவரியிலிருந்தே வாசித்துக்கொண்டிருக்கிறது. முதல் சில நூறு பேட்டர்ன் சுத்தம், பிறகு குப்பை. ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு குப்பை. கேபிளைக் குறை சொல்லத் தோன்றும் வகைக் குப்பை.

அரேயை மாட்யூல் அளவுக்குத் தூக்கியதும் போய்விட்டது. அழைக்கும்போது முதல் உறுப்பைக் கொடுக்க வேண்டும், பஃபர்(0). கவுன்ட் என்பது பைட் கணக்கு அல்ல, பேட்டர்ன் கணக்கு. 4096 பேட்டர்ன் என்றால் 4096.

மார்ச் 9
புது கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை.

மார்ச் 11
இடைவெளி 4, அதாவது 5 மெகாஹெர்ட்ஸ். 16 பிட்டுக்கு நொடிக்கு 10 மெகாபைட். சிறிது நேரம் ஓடி எரர் -10843: அண்டர்ஃப்ளோ, கார்டு கேட்கிற வேகத்துக்கு டேட்டா போய்ச் சேரவில்லை. 6533-இல் பெரிய நினைவகம் இல்லை, பிசிஐ பஸ்ஸை நம்பித்தான் பிழைப்பு. அதன் அண்ணன் கார்டு 6534-இல் குரூப்புக்கு 32 மெகாபைட் கார்டிலேயே இருக்கிறது. இருப்பது 6533. இடைவெளியை 10 ஆக்கியதும் எரர் நின்றது.

மார்ச் 12
மறுபடியும் அந்த 0. இந்த முறை டிஐஜி_பிளாக்_செக் தருகிற மிச்சக் கணக்கு. மிச்சம் 0 என்றதும் ஓட்டத்தை நிறுத்தும் டிஐஜி_பிளாக்_கிளியர் போட்டால் கடைசிப் பேட்டர்ன்கள் பின்னுக்கு வரவில்லை. கணினியை விட்டுப் போனதற்கான கணக்கு அது, கார்டின் ஃபிஃபோவை (சின்ன வரிசை நினைவகம்) விட்டுப் போனதற்கு அல்ல. ஆபத்தில்லாத ஒரே பேட்டர்னை வாலில் 64 தடவை ஒட்டிவிட்டேன். வெட்டுப்பட்டாலும் அதுதான் வெட்டுப்படும்.

குரூப்பைக் கலைத்தால் (அளவு 0) பின்கள் மிதக்கும். டிபுல் என்ற பின்னை (கம்பிகளை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று சொல்வது) எதோடு கட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். ரிலே மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியது.

மார்ச் 14
வெளி கிளாக். கிளாக் உள்ளே வரும் ஆர்இக்யூ கம்பியில் துடிப்பின் விளிம்பில் அதிர்வு, ஒரு துடிப்பை இரண்டாக எண்ணி ஒரு பேட்டர்ன் தாவுகிறது. கிளாக் கிளம்பும் முனையில் 47 ஓம் தொடராக, பக்கத்திலேயே கிரவுண்ட் கம்பி. தாவல் இல்லை.

மார்ச் 15
-10609. குரூப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். விபி எடிட்டரில் எண்ட் பொத்தானை அழுத்தினால் ஃபார்ம் அன்லோட் ஓடாது, அதற்குள் வைத்த கிளியரும் ஓடாது. அரே போய்விட்டது, டிஎம்ஏ போகவில்லை. ஃபார்ம் லோடின் முதல் வரியாகவே ஒரு கிளியர். ஓடாதபோது அழைத்தால் -10608 வரும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

மார்ச் 16
கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 64-பிட்.