மூன்று தீவு, ஆறு நாள்: அந்தமானுக்குத் திட்டமிட்ட கதை

2024 ஜனவரியில் தைப்பூசம் வியாழக்கிழமை வந்தது. மறுநாள் குடியரசு நாள், அதையடுத்துச் சனியும் ஞாயிறும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்குத் தற்செயல் விடுப்பு எடுத்தால் சேர்ந்தாற்போல் ஆறு நாள் கிடைக்கும் என்று கண்ட அன்றே, பல ஆண்டுகளாகப் பேசிப் பேசியே தள்ளிப் போட்டிருந்த அந்தமான் பயணத்தை முடிவு செய்துவிட்டோம். நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகள், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த என் மாமியார் என நால்வர். ராமேஸ்வரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எங்களில் எவரும் அதுவரை ஒரு தீவில் கால் வைத்ததில்லை.

அக்டோபரிலேயே சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போக வர விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். அதுவரை செய்தது சரி. அடுத்ததாகப் படகைப் பார்க்காமல் தங்குமிடத்தைப் பார்த்ததுதான் தவறு. ஹேவ்லாக் தீவில், உள்ளூரார் ஐந்தாம் நம்பர் என்று சொல்லும் விஜய் நகர் கடற்கரையில், தென்னைகளுக்கு நடுவே ஒரு விடுதி மகளுக்குப் பிடித்துப்போகவே, 27, 28 ஆகிய இரண்டு இரவுகளுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். 26ஆம் தேதி நீல் தீவு, 27ஆம் தேதி ஹேவ்லாக், 29ஆம் தேதி போர்ட் பிளேர் திரும்புவது என்பது அப்போதைய திட்டம். டிசம்பரில் படகுக்குப் பதிவு செய்யப் போனால், 26 காலையில் நீல் தீவுக்குப் போகும் தனியார் படகுகளில் நால்வருக்கு இடமில்லை. ஹேவ்லாக் செல்லும் படகில் மட்டும் இருந்தது. தொடர் விடுமுறை எங்களுக்கு மட்டும் வருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு வழியின்றித் தீவுகளின் வரிசையை மாற்றி, 26, 27 ஹேவ்லாக், 28 நீல் என்று வைத்துக்கொண்டோம். விடுதியில் ஒரு நாளை முன்னால் நகர்த்தித் தரக் கேட்டதற்கு, 26ஆம் தேதி அறை இல்லை, 28ஆம் தேதிக்குக் கட்டிய பணமும் திரும்பாது என்று பதில் வந்தது. ஓர் இரவுப் பணம் போனது போனதுதான்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: விமானத்துக்கு அடுத்துப் படகு, படகு உறுதியான பிறகே அறை. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றையும் சுற்றி வர மூன்று படகுப் பயணங்கள் வேண்டும். தனியாரின் விரைவுப் படகில் முதலாவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், நீலிலிருந்து திரும்ப ஒன்றேகால், ஒன்றரை மணி நேரமும் ஆகும். கடலில் இருக்கும் நேரம் இவ்வளவுதான் என்றாலும், ஒரு மணி நேரம் முன்னதாகவே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இருக்க வேண்டும், பைகளைச் சோதனைக்குப் போட வேண்டும், அறையைக் காலி செய்து அடுத்த அறை கிடைக்கும் வரை மூட்டைகளோடு எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், தீவு மாறும் நாளில் பாதியை அதற்கென்றே எழுதி வைத்துவிடுவது நல்லது. ஐந்து இரவுகளில் நான்கு தீவு பார்ப்பதாக வரும் சுற்றுலாத் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

பெயர்களால் வந்த குழப்பம் தனி. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆகவும், நீல் ஷஹீத் த்வீப் ஆகவும் பெயர் மாறிவிட்டன. படகுக்காரர்கள் ஓரிடத்தில் புதிய பெயரையும் விடுதிக்காரர்கள் பழைய பெயரையும் போட்டிருந்ததால், ஒரு மாலை முழுவதும் என் கணவர் ஹேவ்லாக்கிலிருந்து ஸ்வராஜ் த்வீப்புக்குப் படகு தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் போய் வந்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. இந்தியக் குடிமக்களுக்கு அந்தமானில் இந்தத் தீவுகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை. நிக்கோபார் பக்கம் போகத்தான் வேண்டும்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் முதலில் பட்டியலில் வைத்திருந்தோம். அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியே செல்கிறது. வண்டிகளை அணிவகுத்து அனுப்புகிறார்கள். அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். குகையைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், வண்டியில் இருக்கும் அத்தனை பேரின் கண்ணும் காட்டைத்தான் துழாவும் என்று தோன்றியதால் அதை விட்டுவிட்டோம். ஒரு நாள் மிச்சமானதும் உண்மை.

எங்கள் திட்டத்தில் நேரத்தைக் குறித்து மூன்று கணக்குகள் இருந்தன. முதலாவது சூரியன். நமது நேரத்துக்கான தீர்க்க ரேகை 82.5 பாகை, போர்ட் பிளேர் இருப்பதோ ஏறத்தாழ 92.7 பாகையில். அதனால் அங்கே பொழுது சுமார் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜனவரிக் கடைசியில் மாலை ஐந்து இருபதுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராதாநகர் கடற்கரைக்கு, மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து திருச்சி வழக்கப்படி ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால் இருட்டைத்தான் பார்த்திருப்போம். மூன்று மணிக்கே ஆட்டோ பிடித்தோம். பொழுது சாய்ந்ததும் காவலர்கள் ஊதல் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிட்டார்கள். முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகு அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை.

இரண்டாவது ஸ்கூபா. மகளும் கணவரும் பயிற்றுநரோடு ஒருமுறை கடலுக்கடியில் போய்வர ஆசைப்பட்டார்கள். பத்து வயது நிரம்பியவர்களை அழைத்துப் போகிறார்கள். முங்கி எழுந்த பிறகு உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும் என்பதால், 12 முதல் 18 மணி நேரம், சிலர் சொல்வதுபோல் ஒரு முழு நாள், விமானம் ஏறக் கூடாது. பழைய திட்டத்தில் இதை 29 காலையில் வைத்திருந்தேன். 30 காலையில் விமானம். படகில் இடம் கிடைக்காமல் வரிசை மாறியதால் அது 27க்கு நகர்ந்தது. நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. நீல் தீவில் கடல் அரித்து உண்டாக்கிய இயற்கைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போதுதான் அதன் அடிவரை நடந்து போக முடியும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அடுத்தடுத்த நாள்களில் வற்றம் மிக ஆழமாகவும், நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டும் போகும் என்று படித்திருந்தேன். தைப்பூசத்தன்றே பௌர்ணமி. ஆகவே 29ஆம் தேதி விடியலை ஒட்டி வற்றம் இருக்கும் என்று வீட்டு நாட்காட்டியை வைத்துக் கணக்கிட்டுவிட்டு, கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்தபோது அது ஒத்துப்போனது. நீல் தீவுக்கு வந்திறங்கிய ஞாயிறு மதியம் விடுதிக்காரர், உடனே போய்ப் பாலத்தைப் பார்த்துவிடுங்கள், ஆட்டோ நிற்கிறது என்றார். நாங்கள் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் போனபோது, பாறைப் பள்ளங்களில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன்களும் கடல் வெள்ளரிகளும் கிடந்தன. ஒரு பெரிய சிப்பி, நீலமும் பச்சையும் கலந்த சதையை விளிம்பு வரை விரித்து வைத்திருந்தது. பார்க்கக் குனிந்த என் மகளின் நிழல் மேலே விழுந்ததும் வாயைச் சுருக்கி மூடிக்கொண்டது. அவள் எழுந்து நகர்ந்தால் திறக்கும், குனிந்தால் மூடும். பாலத்தை அவள் அதற்குப் பிறகு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இறந்த பவளம் காலைக் கிழிக்கும் என்பதால் அத்தை மட்டும் மேலே இளநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டார்.

அத்தையைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கவலைப்பட்டோம். முழங்கால் வலி ஒருபுறம், கடல் ஒத்துக்கொள்ளுமோ என்ற அச்சம் மறுபுறம். மருத்துவரைக் கேட்டு, படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குமட்டலுக்கான மாத்திரை கொடுத்தோம். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். விரைவுப் படகில் குளிரூட்டிய அறைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே வர வேண்டியிருந்ததால் வாந்தி எடுத்தவர் அவர்தான் என்று என் கணவரே எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன்.

உண்மையான சோதனை 29 காலை பாலத்திலிருந்து திரும்பியபோது வந்தது. அன்று மதியம் நாங்கள் போர்ட் பிளேர் திரும்ப வேண்டிய தனியார் படகு பழுது காரணமாக ரத்து, பணம் திருப்பித் தரப்படும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி. மற்ற தனியார் படகுகள் நிரம்பிவிட்டன. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில்தான் கழிக்க வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்ததன் பலன் இங்கேதான் தெரிந்தது. அந்தப் பிற்பகலும் இரவும் எங்கள் கையில் இருந்தன. ஜெட்டியில் அரசுக் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் கணவர் வரிசையில் நின்றார். தீவுவாசிகளுக்குத்தான் முன்னுரிமை, அது நியாயமும்கூட, ஏனெனில் நமக்குச் சுற்றுலாவாக இருப்பது அவர்களுக்கு மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகும் பேருந்து. ஒன்றரை மணி நேரம் கழித்து ஜன்னலை எட்டியபோது நால்வரின் அடையாள அட்டையையும் கேட்டார்கள். அத்தையின் ஆதார் அட்டை பெட்டியின் அடியில், பட்டுப்புடவைக்குக் கீழே. ஜெட்டியின் நடுவே பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக மகள் கையில் அடுக்கி, அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான்கு இடம் கிடைத்தது. தனியார் கட்டணத்தில் பாதிகூட ஆகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆனால் மேல்தளத்தில் நிற்க விட்டார்கள். அந்தமானுக்குக் காய்கறி விளைவிக்கும் தீவு நீல் என்பதால், கத்தரிக்காய் மூட்டைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே ஒரு பெஞ்சில் அத்தைக்கு இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த பெண்மணி தமிழில் பேச்சுக் கொடுத்தார். போர்ட் பிளேரிலேயே பிறந்தவர். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனீர்களா என்று அவர் கேட்க, அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "தைப்பூசத்தன்னிக்கு அங்கதான இருந்தோம், ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனியே, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனியாம்மா?" 1906இல் கட்டி முடித்து, ஏழு சிறகுகளில் மூன்றே மிஞ்சியிருக்கும் செல்லுலார் சிறைக்கு முதல் நாள் பிற்பகலை ஒதுக்கிய என் அட்டவணையில், முருகனுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். மறுநாள் விமான நிலையம் போகும் வழியில் ஆட்டோவை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போனோம்.

சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுத்து வரக் கூடாது என்று மகளிடம் ஆறு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தேன். விமான நிலையச் சோதனையில் நிறுத்தப்பட்டது அத்தையின் சுருக்குப்பை. வெற்றிலைக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் அடியிலிருந்து விரல் நகம் அளவு வெள்ளைப் பவளம் ஒன்றைக் காவலர் எடுத்து, ஏற்கெனவே பாதி நிறைந்திருந்த ஒரு பெட்டியில் போட்டார். பூஜை அறையில் வைக்க எடுத்ததாம்.

நால்வருக்கும் சேர்த்துச் செலவு ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி விமானத்துக்கு. ரத்தான படகின் பணம் இரண்டு மின்னஞ்சலும் ஒரு தொலைபேசி அழைப்பும் ஆன பிறகு, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.