ஆப்ஜெக்டை விட்டு மேப்புக்கு மாறியதில் காணாமல் போன கார்ட்

ஒரு சிறிய இணையக் கடைக்குக் கார்ட் பக்கம் எழுதிக் கொடுக்கும் வேலையை நேற்றுதான் முடித்தேன். பொருள் எண்ணைச் சாவியாகவும் அளவை மதிப்பாகவும் கொண்டு, ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ஆப்ஜெக்டில்தான் முதலில் சேமித்திருந்தேன். 305, 12, 88 என்ற வரிசையில் சேர்த்த பொருள்கள் திரையில் 12, 88, 305 என வந்து நின்றன. என் நிரலில் வரிசைப்படுத்தும் வரியே இல்லை. முழு எண்ணைப் போலத் தோன்றும் சாவிகளை ஆப்ஜெக்ட் ஏறுவரிசையில் முதலில் தரும் என்பதும், மற்ற எழுத்துச் சாவிகள் மட்டுமே சேர்த்த வரிசையில் வரும் என்பதும் அரை நாள் தேடிய பிறகுதான் புரிந்தது. சாவி–மதிப்பு இணைகளைச் சேர்த்த வரிசையிலேயே வைத்திருக்கும், 2015ஆம் ஆண்டின் மொழி வரையறையில் வந்த மேப்புக்கு மாறியதும் அது தீர்ந்தது.

அதன் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் கார்ட் காலியாகிவிடும். கார்ட்டைச் சேமித்திருந்த, உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜைத் திறந்து பார்த்தால், உள்ளே எதுவுமின்றி இரண்டு நெளி அடைப்புக்குறிகள் மட்டும் இருந்தன. மேப்பின் பதிவுகள் ஆப்ஜெக்டின் பண்புகளைப் போல வெளியே தெரிவதில்லை என்பதால், சேமிப்பதற்காக ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது அவை முழுவதும் விடுபட்டுப் போகின்றன. ஒரு பிழைச் செய்தியாவது வந்திருந்தால் ஒரு மாலைப்பொழுது வீணாகியிருக்காது. மேப்பைச் சாவி–மதிப்பு இணைகளின் அரேயாக, அதாவது வரிசைப் பட்டியலாக, விரித்துச் சேமித்து, திரும்ப எடுக்கும்போது அந்த அரேயிலிருந்தே புதிய மேப்பை உருவாக்குங்கள். ஆப்ஜெக்டாக மாற்றிச் சேமிக்கும் குறுக்குவழியை நாடினால், பழைய வரிசைக் குழப்பம் அப்படியே திரும்பி வரும்.

மூன்றாவது சிக்கல் நீக்கும் பட்டனில் இருந்தது. அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. அளவைக் கூட்டினாலோ அதே பொருள் இன்னொரு வரியாக முளைத்தது. கன்சோலில் மேப்பை அச்சிட்டபோது, 305 ஒரு முறை மேற்கோள்குறி இல்லாமலும் மறுமுறை மேற்கோள்குறியோடும் நின்றதைக் கண்டேன். சர்வரிலிருந்து வந்தது எண். பட்டனோடு இணைத்து வைத்த தகவலான டேட்டா ஆட்ரிபியூட்டிலிருந்து வந்தது ஸ்டிரிங், அதாவது எழுத்துச் சரம். ஆப்ஜெக்ட் இரண்டையும் ஒரே சாவியாக மாற்றிக்கொள்ளும், மேப் அப்படிச் செய்யாது. ஆகவே சேர்ப்பது, தேடுவது, நீக்குவது ஆகிய மூன்றும் ஒரே சிறு ஃபங்ஷன் வழியாகச் சாவியை ஸ்டிரிங்காக்கிக்கொண்ட பிறகே மேப்பைத் தொடுமாறு மாற்றினேன்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு ரீஃப்ரெஷ் செய்து பார்த்தேன். 305, 12, 88 அதே வரிசையில் இருந்தன. பன்னிரண்டை நீக்கினேன், அதுவும் போயிற்று.