அம்மன் கொடுத்த தொண்ணூறு ரூபாய்

கூழ் ஊற்ற இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் அற்புதம் நடந்துவிட்டதாகத் தண்டையார்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அத்தை போன் செய்துகொண்டிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் மீதிப் பைத்தியம். முப்பத்தைந்து ஆண்டு கணக்கு எழுதிய கை, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா? கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலுக்காக நிற்கும்போது ஊரே தலையில் அடித்துக்கொள்ளும். அவருக்கு மட்டும் அது கச்சேரி. ஒவ்வொரு வேகனிலும் 11 இலக்க எண் இருக்கிறதே! போன வாரம் ஒரு டேங்கர் வேகனைக் காட்டினார்: 40061123584. "ஏழால் வகுத்தால் மீதி என்ன, சொல்." நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "வலது பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டு. 584இல் 123 போனால் 461. அடுத்த 61ஐச் சேர், 522. அதில் 40 போனால் 482. அதை ஏழால் வகு, மீதி 6." ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் 1001 வரும், அதனால்தான் இப்படி மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் கேட் திறந்து, பின்னால் நின்ற ஆட்டோக்காரர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டார்.

கேட்டில் நாங்கள் நின்ற ஸ்கூட்டருக்கும் ஒரு கதை உண்டு. எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிறதென்று அம்மா ஆறு மாதம் அதில் ஏறவில்லை. "எட்டு என்றால் சனியும் இல்லை, பிசாசும் இல்லை. ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு, அவ்வளவுதான்" என்றார் அப்பா. "அந்த மீதிதான் ஆளை விழுங்கும்" என்றாள் அம்மா.

சில்லறை மீதியிலும் அப்படித்தான். கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த 2 ரூபாய்க்காகத் திருவொற்றியூர் வரை போய், வாங்கிக்கொண்டு, 5 ரூபாய் டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்த மனிதர் அவர்.

இப்படிப்பட்டவரிடம் தெரு கூழ் வசூலின் நோட்டைக் கொடுத்தார்கள். பணம் மட்டும் என் பொறுப்பு. சனிக்கிழமை ராத்திரி எண்ணினோம். நோட்டில் 48,650. டின்னில் 48,560. தொண்ணூறு ரூபாய் குறைகிறது.

"ரசீதைப் பார்த்து ஏற்றும்போது தவறியிருக்கும்" என்றேன். அப்பா கண்ணாடியைத் துடைத்தார். ரசீதுக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளிக்கொண்டே போனார். எச்சில் தொட்டுப் புரட்டியதில் கட்டை விரல் கார்பன் நீலமாகிவிட்டது. கடைசியில் ஒன்பதால் வகுத்த மீதி ரசீதுப் பக்கம் 5, நோட்டுப் பக்கமும் 5. "கணக்கு சுத்தம். காசுதான் சுத்தமில்லை."

காசு யாரிடம் இருந்தது? அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். போன ஆடியில் கருவாட்டுக் குழம்பில் நான் இரண்டு துண்டு கூடுதலாக எடுத்தது வரை பேச்சு போனது.

எல்லாரும் தூங்கியதும் என் பர்ஸிலிருந்து ஐம்பது ஒன்றும் இருபது இரண்டும் எடுத்து டின்னில் போட்டேன். காலையில் மறுபடி எண்ணி, "நோட்டு ஒட்டிக்கொண்டிருந்தது" என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே பின் போர்ஷன் பெண் வந்துவிட்டாள். எட்டாவது படிக்கிறாள். அப்பாவே வளர்த்துவிட்ட கிடா. "தாத்தா, தொண்ணூறு ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறதே. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருக்கும், பாருங்கள்" என்றாள். இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. அந்தத் திருட்டை ஒன்பது பிடிக்காது. அப்பாவுக்கு இது தெரியாதா? தெரியும். அவர் கை அப்படித் தவறும் என்பதுதான் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் அகப்பட்டது: ரசீதில் 560, நோட்டில் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் 650.

நோட்டைத் திருத்தினார்கள். 48,560. வெற்றிக்களிப்பில் டின்னைக் கவிழ்த்து எண்ணினார்கள். 48,650.

வாயில் பற்பசை நுரையோடு நான் நின்றேன். என்ன சொல்வது? 'நான்தான் போட்டேன்' என்றால், 'எடுத்தவன்தானே திருப்பிப் போடுவான்' என்பாள் அத்தை. அவளோ அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ராத்திரியோடு ராத்திரியாக அம்மன் போட்டிருக்கிறாள்!" அந்த ஐம்பதையும் இருபதுகளையும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்து கும்பிட்டுப் போகிறார்கள். என் பணத்தை நானும் கும்பிட்டேன்.

அப்பா மட்டும் எதுவும் பேசவில்லை. பழைய நோட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கோ பார்த்தபடி, 500 ரூபாயைக் கையில் கொடுத்து, காசிமேட்டுக்குப் போய்ச் சங்கரா வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். 85 ரூபாய் மிச்சம். நீட்டினேன்.

"வைத்துக்கொள்" என்று மீன் பையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்னும் 5 ரூபாய் வர வேண்டும். கேட்கவில்லை.