கச்சான் காற்று வீசும்போது கொழும்புப் பக்கம் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகலாமா?

மே மாதம் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: வெயில் தாங்க முடியவில்லை, ஒரு வான் பிடித்துப் பிள்ளைகளைக் கொழும்புப் பக்கம் கூட்டிப்போய்த் தண்ணீரில் இறக்கிவிட்டு வருவோம். போகவேண்டாம். இங்கே நம்மை வாட்டுகிற அதே காற்றுத்தான் அங்கே மழையைக் கொட்டுகிறது. தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு வரும் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது ஈரமும் இல்லை, இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. செங்கலடியில் புழுதி பறக்கிற நாளில் அவிசாவளையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கொழும்பில் மே மாதத்துச் சராசரி மழை 400 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஜனவரியில் அது ஏறக்குறைய 60, பெப்ரவரியில் 70 சொச்சம். நம் ஊர்க்காரர் அதிகம் போகிற லெஷர் வேர்ல்ட் தண்ணீர்ப் பூங்கா இருப்பது ஹங்வெல்லைக்கும் அவிசாவளைக்கும் இடையில், மலையடிவாரத்தை நெருங்கிய இடத்தில். அங்கே கொழும்பைவிடக் கூடுதலாகவே பெய்யும். பண்டாரகமையில் உள்ள இன்னொரு பூங்காவான பேர்ல் பே கடலுக்குச் சற்றுக் கிட்ட என்றாலும் பருவம் ஒன்றுதான்.

"தண்ணீரில் நனையத்தானே போகிறோம், மழை பெய்தால் என்ன?" என்று கேட்பார்கள். தூறல் ஒரு பிரச்சினையே இல்லை. இடிமுழக்கம்தான் பிரச்சினை. இடி கேட்டதும் சறுக்கு, அலைக் குளம், உயரத்தில் ஓடும் இராட்டினம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் பொறுப்பது உலகெங்கும் உள்ள பாதுகாப்பு வழக்கம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் முதலிலிருந்து எண்ணவேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கு மேகம் கறுத்தால் அன்றைய மிச்ச நாள் போனதுதான்.

அதனால்தான் ஏப்ரலை நான் தள்ளிவைக்கிறேன். காலையில் வெயில் சுட்டெரிக்கும், மதியம் திரும்பியதும் இடி மின்னல் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாடே வீட்டுக்கு வெளியே நிற்கும். ஒக்டோபர், நவம்பரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இரு பக்கமும் மழை. அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்கள் மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழியாகப் போனால் ஏ-4 வீதியே நேராக அவிசாவளைக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் அந்த வீதி கொஸ்லந்தை வழியாக மலை ஏறுகிறது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிந்தது அந்தப் பகுதியில்தான். டிசம்பரில் கொழும்புப் பக்கம் மழை குறையத் தொடங்கும், ஆனால் நமக்கு அப்போதுதான் வாடைக்காற்று மழை. ஆறு பெருகி வீதிக்கு மேலால் ஓடுகிற நேரத்தில் பிள்ளைகளோடு புறப்படக்கூடாது.

என் தேர்வு ஜனவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. நம் பக்கத்து வெள்ளம் வடிந்திருக்கும், அந்தப் பக்கம் காய்ந்திருக்கும். பெரும்போக அறுவடை செய்கிற குடும்பம் என்றால் பெப்ரவரியில் அசைய முடியாது. வெட்டி, அடித்து, நெல்லை விற்றுக் கையில் காசு வந்தபிறகு மார்ச் முதல் இரண்டு வாரம் பார்க்கலாம்.

இந்தக் காலத்தில் உள்ள ஒரே இடைஞ்சல் பள்ளிக்கூடம். தமிழ்ப் பாடசாலைகள் முதலாம் தவணையின் நடுவில் இருக்கும். வியாழன் பள்ளி விட்டதும் புறப்பட்டு, வெள்ளி பூங்கா, சனி திரும்புதல் என்று வைத்தால் ஒரே ஒரு நாள் லீவு போதும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை என்றால் அந்த வருடம் விட்டுவிடுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைக் குடும்பங்களுக்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்வதால், நோன்புப் பெருநாள் 2027இல் மார்ச் 10ஐ ஒட்டியும், 2028இல் பெப்ரவரிக் கடைசியை ஒட்டியும் வருகிறது. முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை அந்தப் பக்கத்து வறண்ட பருவத்தோடு சேர்ந்துகொள்கிற வருடங்கள் இவை. பெருநாளுக்கு அடுத்த இரண்டு மூன்று நாளும் நெரிசல் இருக்கும். அதற்குப் பிறகு விடுமுறை மிச்சம் இருக்கிறதா என்று அந்த வருடப் பாடசாலை விடுமுறைச் சுற்றறிக்கையைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.

லீவு எடுக்கவே வழியில்லாதவர்களுக்கு ஓகஸ்ட் விடுமுறை. மே மாதத்து மழையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அப்போது பெய்யும், அதனால் முழுநாளும் கெடுவது அரிது. மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், மண்டூர்த் திருவிழா எல்லாம் ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்குள் அடுத்தடுத்து வருவதால், கோயில் நாட்காட்டியை முதலில் பார்த்துவிட்டு வானுக்கு முற்பணம் கொடுங்கள்.

கிழமையில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. போயா (பௌர்ணமி) விடுமுறை நாளும் அதை ஒட்டிய நீண்ட வாரக்கடைசியும் கூடாது. ஆனால் கூட்டமே இல்லாத நாளிலும் ஒரு சிக்கல் உண்டு: பழுதுபார்க்கும் வேலையை அப்படியான நாளில்தான் வைப்பார்கள். சில இராட்டினங்களைப் போதிய ஆள் சேரும்வரை ஓட்டவும் மாட்டார்கள்.

பயணத்தில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று: இரவு பத்து மணிக்கு ஏறி விடியப் போய் இறங்குவது வேண்டாம். 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், ஏழெட்டு மணி நேரம். புனானை, வெலிக்கந்தைப் பக்கமும் மகாஓயாப் பக்கமும் இரவில் யானை வீதிக்கு வரும். விடிய மூன்று, நான்கு மணிக்குச் சாரதிக்குக் கண் சொருகும். தூங்காத பிள்ளை பதினொரு மணிக்கே அழத்தொடங்கும், கட்டிய காசு வீண். வியாழன் பின்னேரம் புறப்பட்டாலும் பாதி வழியில், பொலன்னறுவையிலோ ஹபரணையிலோ, இரவு தங்கிவிட்டு விடியப் போங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் அலைக் குளத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் உயரச் சறுக்குக்குப் போங்கள், வரிசை நீள முதல் நாலைந்து தரம் இறங்கிவிடலாம். சுற்றுகிற, குலுக்குகிற இராட்டினங்களையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே முடியுங்கள். புரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினால் வாந்திதான். அலைக் குளத்தை மத்தியானத்துக்கு வைக்கலாம், அலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று மட்டும் கேட்டுவையுங்கள். மார்ச்சில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். தண்ணீருக்குள் சூடு தெரியாது, இரவில்தான் தோள் எரியும். கை நீண்ட நீச்சல் சட்டை போட்டுவிடுங்கள். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் போட்டால் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும்.

பிள்ளையின் உயரத்தைச் செருப்பில்லாமல் வீட்டுச் சுவரோடு நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். பெரிய சறுக்குகளுக்குப் பெரும்பாலும் 120 சென்ரிமீற்றர் கேட்பார்கள், 118 என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புறப்படுவதற்கு முதல்நாள் பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: நாளை எது எது ஓடாது, பாடசாலையோ கம்பனியோ பஸ் கணக்கில் பதிந்திருக்கிறார்களா, உடல் முழுக்க மூடும் பெண்கள் நீச்சலுடைக்கு அனுமதி உண்டா. பத்து பஸ் வருகிறது என்றால் நாளை மாற்றுங்கள்.