புழு டப்பாவும் புகைப் பெட்டியும்

காலை நாலு மணிக்குக் கார் டிக்கியில் முதலில் ஏறியது தூண்டில் இல்லை. மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஈர மண், நைந்த இலை, அறுபது எழுபது மண்புழுக்கள். முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்துக் குப்பைக் குழியைக் கிளறி நானே பொறுக்கியவை. போன பயணத்தில் பிடித்த மீன்களின் தலையும் குடலும் மட்கியது அந்தக் குழியில்தான். “மீன் தின்ற புழுவை வைத்து மறுபடி மீன் பிடிக்கப் போகிறோம், யோசித்துப் பார்” என்று மைத்துனனிடம் சொன்னேன்.

“நாலு மணிக்கு என்னால எதையும் யோசிக்க முடியாது மாமா” என்று சொல்லிவிட்டு அவன் முன் சீட்டில் தூங்கப் போய்விட்டான்.

அப்புறம் தோட்டத்துப் பை: தக்காளி, வெங்காயத்தாள், நாலு எலுமிச்சை, பத்துப் பன்னிரண்டு உருளைக்கிழங்கு. அதன் மேல் ஐஸ் பெட்டி, தூண்டில்கள். கடைசியாக என் புகைப் பெட்டி. பெயர்தான் பெரிது. மூடியுள்ள ஒரு பழைய ஸ்டீல் பெட்டி, உள்ளே ஒரு தட்டு, அதற்கு மேல் கம்பி வலை, அவ்வளவுதான். அடியில் மரத்தூள் போட்டு, கீழே சின்ன ஸ்பிரிட் அடுப்பை வைத்தால் மீன் வேகவும் செய்யும், புகையும் ஏறும்.

இரண்டு மணி நேரப் பயணத்தின் கடைசி அரை மணி முழுக்க மண் பாதை. ஏரிக்கரையில் இறங்கி டிக்கியைத் திறந்தவன், “மாமா, உங்க புழு டப்பா திறந்து கிடக்கு” என்றான். தக்காளிப் பைக்குள் பாதி, கால் மிதிக்கு அடியில் மீதி. பொறுக்கி முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. மீன் நன்றாகக் கடிக்கும் அந்த விடிகாலை நேரத்தை நாங்கள் கார் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு கழித்தோம்.

மீன் பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் வீரம் ஒன்றும் இல்லை. தக்கை மூன்று முறை ஆடி அடங்கியது, நாலாவது முறை முழுசாக உள்ளே போனது. ஒன்றரைக் கிலோ தேறும் ஒரு கெண்டை. மதியத்துக்குள் இன்னும் இரண்டு சின்னது. அதில் ஒன்று ரொம்பவே சின்னது, தூண்டில் முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டோம்.

பிடித்த அடுத்த நிமிடம் செய்வதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது. கரையில் போட்டுத் துடிக்க விட்டால் மீன் தன் சக்தியெல்லாம் எரித்து முடிக்கும், சதை சீக்கிரம் தளர்ந்துபோகும். தலையில் ஒரே அடி, உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். வெறும் ஐஸை விட ஐஸ் தண்ணீர் வேகமாகக் குளிர வைக்கும், எல்லாப் பக்கமும் தொடுவதால்.

ஏரி மீன் என்றால் சேற்று வாடை அடிக்கும் என்று பலர் தொடுவதே இல்லை. அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். தண்ணீரில் உள்ள நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் எழும் மண்வாசனையில் இருப்பதும் இதே ஜியோஸ்மின்தான். மண்ணில் ரசிக்கிறோம், மீனில் முகம் சுளிக்கிறோம்! கொழுப்பில்தான் அது அதிகம் தங்கும் என்பதால் தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் பெரும்பகுதி போய்விடும். புகைக்கு வைக்கும் துண்டுகளில் மட்டும் தோலை விட்டுவைப்பேன், இல்லையென்றால் வலையில் ஒட்டிப் பிய்ந்துவிடும்.

அன்று சாயங்காலம் பசி. உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த துண்டுகளை அப்படியே சொட்டச் சொட்ட வலையில் அடுக்கினேன். மரத்தூளும் கை நிறைய அள்ளிப் போட்டேன், நிறையப் புகை வந்தால் நிறைய ருசி என்ற கணக்கில். அரை மணி கழித்து மூடியைத் திறந்தால், மீன் மேல் கரி பூசிய மாதிரி ஒரு கறுப்பு, இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து வழிந்த கசடு. ஒரு வாய் வைத்த மைத்துனன் மரியாதைக்கு மென்றான். நாக்கில் ஒட்டிய கசப்பு இரண்டு டம்ளர் தண்ணீருக்கும் அசையவில்லை. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது தணலில் சுட்ட உருளைக்கிழங்கும், உப்புத் தூவிய தக்காளியும்தான்.

மறுநாள் ஒழுங்காகச் செய்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எண்பது கிராம் உப்பு, ஒரு மணி நேரம் ஊறல். எடுத்து ஒரு தடவை அலசி, துணியால் ஒற்றி, வலையில் பரப்பி மர நிழலில் காற்றுப்படும் இடத்தில் வைத்தேன். ஈ அண்டாமல் மேலே மெல்லிய துணி. முதல் அரை மணியில் ஒன்றும் தெரியாது. ஒரு மணி தாண்டியதும் சதையின் ஈரம் மங்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் அடித்த மாதிரி மெல்லிய பளபளப்பு வரும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாது, ஆனால் விரல் லேசாகப் பற்றி விடும். உப்பு இளக்கிய புரதம் மேலே வந்து காய்ந்து உண்டாகும் ஏடு அது. அந்த ஏட்டில்தான் புகை சீராகப் படியும். வெள்ளைக் கசடு வழிவதையும் அது குறைக்கும். தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது எனக்குச் சுலபம். இந்த ஏடு வரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாடு, பக்கத்தில் ஒருவன் “ஆச்சா மாமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது இன்னும்.

மரத்தூள் இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். கெட்டியான மரத்தின் தூள்தான் நல்லது. பைன் மாதிரிப் பிசின் உள்ள மரம் தார் வாடையைத் தரும், பிளைவுட்டில் பசை இருக்கும், இரண்டும் ஆகாது. தீயைச் சிறிதாக வைத்து மெதுவாக ஏற்றினேன். துண்டின் நடுவில் வெப்பமானியைக் குத்தி, 63 டிகிரி செல்சியஸ் தொட்டதும் அதற்குக் கீழே இறங்காமல் அரை மணி பிடித்துவைத்தேன். ஸ்பிரிட்டை இரண்டு முறை ஊற்ற வேண்டியிருந்தது.

மூடியைத் திறந்தபோது தேன் நிறம். சதை இதழ் இதழாகப் பிரிந்தது. மேலே எலுமிச்சை, வெங்காயத்தாள், வேறு எதுவும் போடவில்லை. மைத்துனன் இந்தத் தடவை பேசவே இல்லை, தட்டை மட்டும் இரண்டாம் முறை நீட்டினான்.

இப்படிச் சூட்டுப் புகையில் வெந்த மீன் கெடாது என்று நினைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். இந்த அளவு உப்பும் புகையும் ருசிக்கு மட்டும்தான். ஆறியதும் ஐஸ் பெட்டி, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ், மூன்று நாளில் காலி. காற்றை உறிஞ்சிய பையில் அடைத்தாலும் குளிரில்தான் வைக்க வேண்டும், காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலினம் என்ற நஞ்சு உண்டாக்கும் கிருமி வளரும்.

திரும்பி வந்ததும் தலை, முள், குடல் எல்லாவற்றையும் பிரித்தேன். பாதியை எடைக்கு எடை வெல்லத்தோடு கலந்து டப்பாவில் மூடி வைத்தேன். மூன்று வாரம் கழித்து வடித்தால் செடிகளுக்கு உரமாகும் மீன் அமிலம், லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி போதும், கீரைக்கு நன்றாகக் கேட்கும். மீதியைக் குப்பைக் குழியில் முழங்கை ஆழத்துக்குக் கீழே புதைத்தேன். போன தடவை மேலோடு மூடியதால் தெருநாய் வந்து தக்காளிப் பாத்தியையும் சேர்த்துத் தோண்டிவிட்டுப் போயிருந்தது. மிஞ்சிய புழுக்களையும் அதே குழியில் விட்டேன், எண்ணிப் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து மைத்துனன் போன் செய்தான். காரை ஒரு நாள் இரவல் வாங்கிப் போயிருந்தான்.

“மாமா, ஸ்டெப்னிக்கு அடியில இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. உயிரோட.”